மூன்று வினையும் ஓர் உடலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



'வாலிபரும் தேகாரோக்கியமும்' என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தார்கள். அது மிகப் பரந்த பொருள். ஆதலால் அதனுள் ஒரு சிறு பகுதியை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றோம். நீந்துதல், துவிச்சக்கரவண்டி ஓட்டுதல், காலால் ஓடுதல் ஆகிய மூன்றையும் இடையில் நிறுத்தாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டி ஒன்று இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. அதற்கு 'ட்ரையத்லன்' என்று பெயர். நாம் அதனை மூவினைப் போட்டி என்று வழங்குவோம்.

"அது செல்வந்தர் விளையாட்டன்றோ? சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் வாழும் எமக்கும் அதற்கும் என்ன உறவு?" என்று நீங்கள் கேட்கலாம். அப்போட்டிக்கு வேண்டியவை எவை என்று எண்ணிப் பாருங்கள். நீந்துவதற்கு நீர், உருட்டுவதற்குச் சில்லு, ஓடுவதற்கு நிலம். நம் கரையோரத்தில் மேற்கே பெருங்கடல் இருக்கின்றது. கிழக்கே களப்புகளும் ஒல்லாந்தர் பெயரால் வழங்கும் நீண்ட வாய்க்காலும் இருக்கின்றன. துவிச்சக்கரவண்டி இல்லாத வீடு நம் ஊர்களில் அரிது. மேடு பள்ளமில்லாத நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றது. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஒலிம்பிக் மூவினைப் போட்டியில் துவிச்சக்கரவண்டி ஓட வேண்டிய தூரமும் 40 கிலோமீற்றரே! பிறநாட்டார் பணம் செலவிட்டுத் தேடிச் செல்வதை இயற்கை நம் வாசலிலே வைத்திருக்கின்றது. அதனை நாம் பயன்படுத்துகின்றோமா என்பதே கேள்வி.

இப்போட்டி தோன்றிய கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். 1974 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25 ஆம் நாள் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், ஓட்டக் கழகம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் இதனை முதன்முதலாக நடத்தினார்கள். அது ஒரு புதன்கிழமை மாலை. அன்றாட வேலை முடித்து வந்தவர்களே கலந்துகொண்டனர். தொகை 46 பேர். கடைசியில் வந்தோர் நீந்தும்போது இருட்டிவிட்டது. மோட்டார் வண்டிகளின் விளக்கை ஏற்றி அவர்களுக்கு வெளிச்சம் காட்டினார்களாம். பார்த்தீர்களா, எத்துணை எளிய தொடக்கம்! அப்போட்டியிற் கலந்துகொண்ட ஜோன் கொலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரியும் அவர் மனைவியும் பின்னர் ஹவாய்த் தீவுக்குச் சென்றார்கள். நீந்துவோன், வண்டி ஓட்டுவோன், ஓடுவோன் ஆகிய மூவருள் எவன் உடல்வலி மிக்கவன் என்றொரு வாதம் அங்கே எழுந்தது. அதைத் தீர்க்க 1978 பெப்ரவரி 18 இல் பெரும் போட்டியொன்றை வைத்தார்கள். 2.4 மைல் நீச்சல், 112 மைல் துவிச்சக்கரவண்டி, 26.2 மைல் ஓட்டம். தொடங்கியோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். முதலில் வந்த கோர்டன் ஹாலர் என்பவருக்கு 11 மணி 46 நிமிடம் 58 செக்கன் ஆயிற்று. 'அயன்மான்' எனப்படும் இரும்பு மனிதர் போட்டி இவ்வாறு பிறந்தது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மூவினைப் போட்டியும் இடம்பெற்றது. அதன் அளவு சிறிது: 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் வண்டி, 10 கிலோமீற்றர் ஓட்டம். நம் நாட்டிலும் 2018 பெப்ரவரியில் இரும்பு மனிதர் போட்டியின் பாதி அளவு கொழும்பில் முதன்முதலாக நடைபெற்றது.

இவ்வளவு தூரத்தைக் கேட்டதும் பலருக்கு மலைப்பு உண்டாகும். அன்பர்களே, தூரம் முக்கியமன்று; மூன்றும் சேர்வதிலுள்ள நன்மையே முக்கியம். ஓட்டம் மாத்திரம் செய்வோனுக்கு முழங்காலிலும் கணுக்காலிலும் ஓயாத தாக்கம். நீச்சலிலோ உடலின் பாரத்தை நீர் தாங்குகின்றது. தோளும் முதுகும் மூச்சும் வேலை செய்கின்றன. வண்டியில் தொடைகள் உழைக்கின்றன. ஆனால் மூட்டுக்களுக்கு அதிர்ச்சி இல்லை. ஓட்டமோ எலும்புக்கு உறுதி தருகின்றது. ஓர் உறுப்பு இளைப்பாறும்போது மற்றோர் உறுப்பு உழைக்கின்றது. இருதயம் மாத்திரம் மூன்றிலும் பயிற்சி பெறுகின்றது. வண்டியிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும் முதற் சில நிமிடங்களில் கால்கள் நம்முடையனவல்ல போலத் தடுமாறும். ஒரு வகை அசைவிலிருந்து மற்றொரு வகைக்கு உடல் மாறுவதால் நேரும் தடுமாற்றம் அது. பழகப் பழக அது குறையும்.

நம் பாட்டன்மாருக்கு இத்தகைய பயிற்சி தேவைப்படவில்லை. கரைவலையின் இரு கயிறுகளையும் இரு பக்கமும் நின்று, அம்பாப் பாடலுக்கு அடியெடுத்து வைத்து இழுத்தவர்கள் அவர்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் முல்லைத்தீவுக் கரைவரை சென்று வாடி போட்டுத் தொழில் செய்தவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களுக்குத் தொழிலே தேகப்பயிற்சி. இன்றோ இயந்திரப் படகு வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, முச்சக்கரவண்டி வந்தது, கைத்தொலைபேசியும் வந்தது. படித்தவர்களாகிய எம்மனோர் நாற்காலியிலே நாளைக் கழிக்கின்றோம். உழைப்புக் குறைந்தும் உணவு குறையவில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் முதியோரை விட்டு நடுவயதினரிடம் வந்துவிட்டன. இன்று இச்சபையில் அவ்வருத்தம் நுழையாத குடும்பம் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தரமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் அறிவுறுத்தியது. நாம் சொல்லும் திட்டம் இதுவே: வாரத்தில் இரண்டு நாள் நீச்சல், இரண்டு நாள் வண்டி, இரண்டு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. நாளொன்றுக்கு அரைமணி. கூட்டினால் 180 நிமிடம்! இதற்கு விலையுயர்ந்த வண்டி வேண்டியதில்லை. மீன்பெட்டி கட்டும் பழைய லுமாலா வண்டியே போதும். பிரேக்கும் சில்லும் சரியாக இருந்தாற் சரி. நம் பகுதி வெயில் பொல்லாதது. ஆகவே விடியற்காலையே ஏற்ற நேரம். தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடித்துப் பழக வேண்டும். முதல் வாரத்திலேயே வீரம் காட்டலாகாது. சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். நாற்பது வயதைக் கடந்தோரும் நோயுள்ளோரும் வைத்தியரைக் கேட்டபின்னரே தொடங்க வேண்டும்.

இனி, இப்பேச்சின் உயிர்நிலையான விடயத்துக்கு வருகின்றோம். ஓடவும் வண்டி ஓட்டவும் நம் பிள்ளைகள் எவ்வாறோ கற்றுக்கொள்கின்றார்கள். நீச்சலைப் பற்றி என்ன சொல்வது? கடலை நம்பி வாழும் ஊர்களில் பிறந்தும் நீந்தத் தெரியாதவர்கள் நம்முள் எத்தனை பேர்! நம் சகோதரிகளுள் நீந்தத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அழித்தபோது மாண்டவர்களுள் பெண்களும் சிறுவர்களுமே மிகுதி. ஆராய்ந்தோர் கண்ட காரணங்கள் பல. பெண்கள் நீந்தவும் மரமேறவும் பழக்கப்படாமை அவற்றுள் ஒன்று. தாய்மாரே, இதனைச் சற்றே சிந்தியுங்கள். பெண்பிள்ளைக்கு நீச்சல் கற்பிப்பது நாகரிக மோகமன்று, உயிர்க்காப்பு. உடையைப் பற்றிய கூச்சம் இருக்குமாயின் உடலை முழுவதும் மூடும் நீச்சலுடை இன்று கிடைக்கின்றது. ஆண்கள் இல்லாத வேளையைப் பெண்களுக்கென ஒதுக்கலாம். கற்பிக்கப் பெண் ஒருவரையே அமர்த்தலாம். வழி இல்லாமலில்லை, மனந்தான் வேண்டும்.

உலகம் இவ்விடயத்தில் எங்கே நிற்கின்றது? 2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் இருவரும் பெண்கள் இருவரும் ஒரே அணியாக நின்று ஓடும் மூவினை அஞ்சற்போட்டி சேர்க்கப்பட்டது. அதே விழாவில் பெண்களுக்கான தனிப் போட்டியில் வென்றவர் பெர்மியூடா என்னும் சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்த ஃபுளோரா டஃபி. அத்தீவின் மக்கட்டொகை நம் புத்தளம் மாவட்டத்து மக்கட்டொகையில் பத்திலொரு பங்கும் இல்லை! கடல்சூழ்ந்த சிறுநிலத்துப் பெண் ஒருத்தி உலகை வென்றாள் என்றால், நம் கரையோரப் பெண் முழங்காலளவு நீரில் நிற்கவும் அஞ்சுவதேன்?

வீரத்தில் நம்மவர் குறைந்தவரல்லர். தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று, மீண்டும் நீந்தியே திரும்பினார். ஆனால் அப்பெருவீரரும் 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். அவரை வணங்கும் நாம் அவர் முடிவையும் மறத்தலாகாது. கடல் யாருக்கும் உறவன்று. 1982 இல் ஹவாய்ப் போட்டியில் ஜூலி மொஸ் என்ற கல்லூரி மாணவி முதலிடத்தில் வந்து, எல்லைக்குச் சற்று முன்னே சோர்ந்து விழுந்தாள். மற்றொருத்தி அவளைக் கடந்து சென்று வென்றாள். இவளோ கையூன்றித் தவழ்ந்து வந்தே எல்லையைத் தொட்டாள். அவளது மனவுறுதியை உலகம் போற்றிற்று, நாமும் போற்றுவோம். ஆனால் ஆரோக்கியம் கருதிப் பயில்வோர் தவழும் நிலைக்குத் தம்மை ஓட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 'இன்று போதும்' என்று நிறுத்தத் தெரிவதும் பயிற்சியின் ஒரு பாகமே.

எனவே நீரிலிறங்குவோருக்குச் சில விதிகள். தனியே இறங்கலாகாது. சோளகக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். அம்மாதங்களில் ஓட்டமும் வண்டியும் போதும். கடல் தணிந்த காலத்திலும் ஆழத்தை நோக்கி நீந்தாமல், மார்பளவு நீரில் கரையோடு ஒட்டியே நீந்துக. நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதனை எதிர்த்து மல்லாடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு வெளியேறுக. களப்பிலும் வாய்க்காலிலும் முதலை உண்டா, சேறு உண்டா, இறால் பண்ணைக் கழிவுநீர் விழும் இடம் எது என்பவற்றைத் தொழில் செய்யும் பெரியோரிடம் கேட்டறிந்த பின்னரே இறங்குக. நீரைப் பற்றி நம் புத்தகங்கள் சொல்வதிலும் அவர்கள் சொல்வது அதிகம்.

மிஷன் பாடசாலைகளிற் பயின்ற எம்மனோருக்கு இல்ல விளையாட்டுப் போட்டி நன்கு தெரியும். கொடி, பாண்டு வாத்தியம், அணிநடை எல்லாம் உண்டு. ஆனால் மேடையேறியோர் முதல் மூவரே. ஏனையோர் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டிப் பழகினோம். பாடசாலையை விட்டதும் கைதட்டவும் மறந்தோம், உடலையும் மறந்தோம். மூவினைப் போட்டியில் வேறொரு வழக்கம் உண்டு. குறித்த நேரத்துள் எல்லையைத் தொட்ட அனைவரும் 'முடித்தவர்' என்றே மதிக்கப்படுவர். ஐம்பது வயதுக் குமாஸ்தாவும் இருபது வயது மாணவனும் ஒரே எல்லையைத் தொடுகின்றனர். பிறரை வெல்வதன்று, நேற்றைய தம்மை வெல்வதே அங்கு பெரிது.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, வருகின்ற வாடைக்காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியே நீச்சல் வகுப்புத் தொடங்குக. கடலறிந்த மூத்த தொழிலாளர் இருவர் தோணியுடன் காவல் நிற்கட்டும். அவர்களுக்குரிய கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். இரண்டாவது, கடல் தணிந்திருக்கும் மாசி மாதத்தில் ஒரு சிறு மூவினைப் போட்டி நடத்துக. மார்பளவு நீரில் 200 மீற்றர், வண்டியில் 10 கிலோமீற்றர், ஓட்டத்தில் 2 கிலோமீற்றர் போதும். மூன்றும் இயலாதவர்கள் மூவராகச் சேர்ந்து ஆளுக்கொன்று செய்யலாம். தந்தை நீந்த, மகள் வண்டியோட்ட, மகன் ஓடும் குடும்ப அணியைக் காணவே எமக்கு ஆசை. மூன்றாவது, கேடயமும் கிண்ணமும் வாங்கும் பணத்தை நீச்சல் வகுப்புக்கு ஒதுக்கிவிட்டு, போட்டியை முடித்த ஒவ்வொருவர் பெயரையும் முதல்வர் தொடங்கிக் கடைசியாக வந்தவர் ஈறாக அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுக. அக்கடைசி ஆள் வந்து சேரும்வரை நாம் ஒருவரும் கடற்கரையை விட்டுக் கலையாதிருப்போமாக.