திரும்பி வந்ததும் பேரேட்டைப் பாருங்கள்



நம்ம பாலக்கோடு தக்காளி மண்டியை நினைச்சுக்குங்க. ஒருவர் கணக்கில் நூறு பெட்டி இருப்பு. மேலும் பத்து கொண்டு வருகிறார். கணக்குப்பிள்ளை 'நூற்றுப்பத்து' என்று மனசுல கூட்டிக்கிட்டு, இறக்கச் சொல்கிறார். அந்த இடைவெளியில் அவரே பழைய நூறையும் இன்னொரு ஆளிடம் பற்று எழுதி எடுத்துப் போய்விடுகிறார். பிள்ளை பேரேட்டைப் பார்க்காமல் நூற்றுப்பத்து என்றே எழுதினால் கணக்கு என்னாகும்?

2020 ஏப்ரல் 19 அன்று லெண்ட்ஃப்.மீ என்ற எத்தீரியம் கடன் சேவையில் நடந்தது இதுதான். ஐஎம்பிடிசி டோக்கன் ஈஆர்சி-777 தரத்தில் ஆனது. டோக்கன் கைமாறும் முன் அனுப்புகிறவரின் நிரலையே அது கூப்பிடும். அதற்கு 'ஹூக்' என்று பெயர். அதற்குள்ளிருந்து பணத்தை எடுத்தார்கள்; திரும்பி வந்த நிரல் பழைய கூட்டலையே எழுதியது. சுமார் 2.5 கோடி டாலர் போனது. பெரும்பகுதி பிறகு திரும்ப வந்தது.

"மறுபடி படித்தால் செலவாகுமே" என்பார்கள். 2021 பெர்லின் மாற்றத்துக்குப் பின் ஒரு பரிவர்த்தனையில் முதல் வாசிப்புக்கு 2100 கேஸ். அதே இடத்தை மறுபடி வாசிக்க 100தான். அந்த நூறை மிச்சம் பிடிக்கவும் நேர்வழி உண்டு. ஹூக்கை அழைக்கும் முன்பே கணக்கை எழுதி முடியுங்கள். ஹூக் பதிவாகாத முகவரி என்றால், கூப்பிடவும் வேண்டாம், மறுபடி படிக்கவும் வேண்டாம். கூப்பிட்டால், பின்னால் பயன்படும் மதிப்பை மட்டும் படியுங்கள்.

தம்பிகளே, சிக்கனம் வேணும். ஆனா அடுத்தவர் பணத்தில் வேண்டாம்.