இது உனக்கு எப்படித் தெரியும்?

(செஞ்சியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்குப் பிறகு ஒரு மாணவர் செய்தி வாசிப்பார். முன்பு அவர் கையில் நாளிதழ் இருக்கும். இன்று பல பள்ளிகளில் அந்தச் செய்தி, முதல் நாள் இரவே அப்பாவின் கைப்பேசியிலிருந்து குறிப்பேட்டுக்கு வந்துவிடுகிறது. நாளிதழ்ச் செய்தியை நிருபர், துணை ஆசிரியர் எனச் சிலர் பார்த்த பிறகே அச்சேற்றுவார்கள். கைப்பேசியில் வருவதை யாராவது சரிபார்த்தார்களா? தெரியாது. அந்த வேலை இப்போது ஏழாம் வகுப்பு மாணவரின் தலையில் விழுந்திருக்கிறது. அதற்கு அவரை நாம் பழக்கியிருக்கிறோமா?

2023 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொலிகள் பரவின. தொடர்பில்லாத சம்பவங்களின் காட்சிகள் அவை. பொய் என்று காவல்துறை அறிவித்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. அதற்குள் அச்சத்தில் ஊர் திரும்பியவர்கள் பலர். அந்தக் காணொலிகளை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தில் அனுப்பியிருக்க மாட்டார்கள். ஒரு நிமிடம் பொறுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பழைய கையெழுத்து இதழில் அந்தப் பொறுமை தானாகவே இருந்தது. ஒருவர் எழுதுவார், தமிழாசிரியர் திருத்துவார், அழகாக எழுதத் தெரிந்த பிள்ளை படியெடுப்பார். மூன்று பேர் கண்ணில் படாமல் எதுவும் சுவருக்குப் போகாது. இணையம் அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. அதை நாம் திரும்ப வைக்க வேண்டும். எழுதியவரே செய்தியை வெளியிடக் கூடாது. இன்னொரு மாணவர் சரிபார்த்த பிறகே போக வேண்டும். இந்த ஒரு விதி போதும், பள்ளியில் செய்திக்குழு தொடங்கிவிடலாம்.

பயிற்சிக்கு நம் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 11 அன்று செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 'செஞ்சிக்குப் பெருமை' என்று தலைப்பிட்டு முடித்துவிடலாம். ஆனால் யுனெஸ்கோவின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகள் சேர்ந்து பெற்ற தகுதி அது. 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. 'தேசிங்குராஜன் கோட்டை எப்படி மராட்டியர் கோட்டை ஆயிற்று?' என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றியதும், 1698 வரை முகலாயர் முற்றுகை நீடித்ததும் அப்போதுதான் பாடமாகும்.

அடுத்த வேலைக்கு இணையம் உதவாது. அறிவிப்புக்குப் பிறகு ராஜகிரி அடிவாரத்தில் கடை வைத்திருப்பவருக்கு வியாபாரம் கூடியதா? நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இன்று நெல் என்ன விலை? நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும். அந்த விலையைத் தவறாகப் போட்டால், நம்பி மூட்டை ஏற்றி வரும் விவசாயிக்கு நட்டம். அவர் நம் மாணவரின் அப்பாவாகவே இருக்கலாம். செய்தி என்றால் பொறுப்பு என்பது பிள்ளைகளுக்கு அங்கே புரியும்.

தவறு வரத்தான் செய்யும். அப்போது சத்தமில்லாமல் அழித்துவிடப் பழக்காதீர்கள். 'நேற்று இப்படிச் சொன்னோம், அது தவறு, சரியானது இது' என்று அதே வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லட்டும். அப்படிச் சொன்ன மாணவருக்கு முதல் கைதட்டல் நம்முடையதாக இருக்கட்டும்.

புதிய கருவி எதுவும் வேண்டாம். நாளைக் காலை செய்தி வாசிக்க வரும் பிள்ளையிடம், மேடை ஏறும் முன் மெதுவாகக் கேளுங்கள்: "இது உனக்கு எப்படித் தெரியும், கண்ணு?"