ஆறு மணி நேரத்துக்குள்



ஆந்திரத்தில் நம் புத்தூர்ப் பக்கத்தில் கண்தானம் பற்றிப் பேச வருகிறவர்கள் காளத்தியில் தொடங்குவது வழக்கம். கண்ணப்பரை நினைக்காமல் நம்மால் இருக்க முடியாது. அவர் தொழுத மலை நமக்கு ஒரு பஸ் தூரம்தான். ஆனால் கண்ணப்பர் தன் கண்ணைத் தன் கையாலேயே எடுத்துச் சிவலிங்கத்தின் கண்ணில் அப்பினார். இன்று நாம் கேட்கிற தானத்தில் கண்ணுக்கு உரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சரி என்று சொல்ல வேண்டியவர் அவருடைய மனைவி, அல்லது மூத்த மகன். அதுவும் வீட்டில் சாவு விழுந்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் சொல்ல வேண்டும். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழிப்படலத்தை எடுத்தாக வேண்டும்.

உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டவர்கள் நம் ஊரிலும் உண்டு. அட்டை பீரோவுக்குள் இருக்கும். அது இருப்பது பல வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவை ஒழிக்கும்போதுதான் தெரிகிறது. சட்டப்படியும் கண்ணை எடுக்கும் நேரத்தில் நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். ஆகவே அட்டைகளை எண்ணிப் பெருமைப்படுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாவு விழுந்த ராத்திரியில் போனை எடுத்துக் கண் வங்கிக்குச் சொல்கிறவர் யார்? என் பேச்சு முழுவதும் அவரைப் பற்றியதுதான்.

முதலில் அந்தக் கருவிழிப்படலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் எல்லோரும் கார்னியா என்றே சொல்கிறார்கள். வாட்சுக்கு மேலே கண்ணாடி இருப்பதுபோல் கண்ணின் முன்னால் இருக்கிறது. நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதில் ரத்தக் குழாய் கிடையாது. ரத்த ஓட்டம் இல்லாததால்தான் இன்னொருவருடைய கார்னியாவை உடம்பு அவ்வளவு சீக்கிரம் அந்நியமாக நினைப்பதில்லை. சிறுநீரகம் மாற்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கார்னியா மாற்ற முடிந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

1905 டிசம்பர் 7. இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸ் என்ற ஊர். எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டரிடம் வந்த கூலித் தொழிலாளிக்கு இரண்டு கண்களும் சுண்ணாம்பால் வெந்து போயிருந்தன. காயம்பட்டு எடுக்க வேண்டிவந்த ஒரு 11 வயதுப் பையனின் கண்ணிலிருந்து கார்னியாவை எடுத்து வைத்துத் தைத்தார் சிர்ம். ஒரு கண் தெளிந்தது. அந்த மனிதர் வேலைக்குத் திரும்பினார். உலகத்தில் வெற்றியடைந்த முதல் கார்னியா மாற்று அதுதான். வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்கிற நாம் இந்தக் கதையின் இரண்டு பக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இறந்தவர் கண்ணையே பயன்படுத்தலாம் என்று 1930களில் ஒடெசாவில் பிலாத்தோவ் செய்து காட்டினார். நியூயார்க்கில் 1944இல் கண் வங்கி வந்தது. அடுத்த ஆண்டே, 1945இல், சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். 1953 வரை நாம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். அன்று எழும்பூர்தான் நமக்கும் அரசு கண்ணாஸ்பத்திரியாக இருந்தது. அந்தப் பெருமையில் புத்தூருக்கும் பங்கு உண்டு என்று நான் உரிமையோடு சொல்கிறேன்.

ஊர் கூடிச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இலங்கையைப் பார்க்க வேண்டும். ஹட்சன் சில்வா 1958இல், இன்னும் மருத்துவ மாணவராக இருந்தபோதே, பத்திரிகையில் எழுதி மக்களிடம் கண் கேட்டார். அவருடைய தாய் காலமானபோது அந்தத் தாயின் கார்னியாவையே ஓர் ஏழைக்குப் பொருத்தினார்கள். 1961இல் கண்தானச் சங்கம் பிறந்தது. 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் போயின. பிறகு உலகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயின. ஊருக்கு ஊர் இருந்த தொண்டர்களும், பௌத்த விகாரைகளில் தானத்தைப் பற்றிச் சொன்ன பிக்குகளும் சேர்ந்து தாங்கிய காரியம் அது. மற்றவர்களிடம் கேட்டதை ஹட்சன் சில்வா தன் வீட்டிலும் செய்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி அந்த ராத்திரிக்கு வருவோம். சாவு வீட்டுக்குப் போகிற தொண்டர் என்ன செய்ய வேண்டும்? இறந்தவரின் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். தலைமாட்டில் ஃபேன் ஓடினால் நிறுத்த வேண்டும். காற்று கார்னியாவைக் காய வைத்துவிடும். தலைக்குக் கீழே தலையணை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். டாக்டர் தரும் இறப்புச் சான்று எங்கே என்று பார்த்து வைக்க வேண்டும். இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. கஷ்டமான வேலை வேறு. அழுதுகொண்டிருக்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது கேட்பது என்று தெரிந்து கேட்பது. அதற்குப் பழகிய முகம் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கவுன்சிலருக்கு எவ்வளவு பயிற்சி இருந்தாலும், "அண்ணி, அண்ணன் இருந்திருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பார்?" என்று கேட்க அடுத்த தெருக்காரருக்குத்தான் உரிமை இருக்கிறது.

திருப்பதி நமக்கு 35 கிலோமீட்டர். திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிலம் கொடுத்து ஸ்ரீ வெங்கடேஸ்வரா அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே வந்துவிட்டது. மறுபக்கம் சென்னை. ராத்திரி இரண்டு மணிக்குச் சொன்னாலும் விடிவதற்குள் குழு வந்து சேர வழி இருக்கிறது. முன்பு டாக்டர்தான் எடுக்க வேண்டும் என்ற சட்டம் இருந்தது. 2011இல் திருத்திய பிறகு பயிற்சி பெற்ற டெக்னீஷியனும் எடுக்கலாம். இருபது நிமிடம் போதும். முகம் விகாரமாகாது, அடுத்த நாள் சொந்தக்காரர்கள் பார்த்துக் கும்பிடுகிற முகம் அதே முகம். கூடவே கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள், எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி, சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்க்க.

சர்க்கரை, பி.பி., கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் ஆனவர் யாராக இருந்தாலும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடியில் இறந்தவர், எச்ஐவி, ஹெபடைடிஸ், ரத்தப் புற்றுநோய், மூளைக் காய்ச்சல் போன்றவை உள்ளவர்களுடைய கண் ஒட்டுக்கு ஆகாது. இதைத் தொண்டர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டு, வந்த குழு திரும்பிப் போனால் அந்தத் தெருவில் அடுத்த வீடு கதவைத் திறக்காது.

"அடுத்த ஜென்மத்தில் குருடாகப் பிறப்பான்" என்ற பயம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதைப் பரிகசிப்பவர்களுடன் நான் சேர மாட்டேன். இறந்தவர் மேல் இருக்கும் பாசம்தான் அப்படிப் பேசுகிறது. அதற்குப் பதில் ஊர்ப் பெரியவர்களும் பூசாரிகளும் பாதிரியார்களும் இமாம்களும் சொல்ல வேண்டியது. பெரிய மனிதர் ஒருவர் வீட்டில் நடந்தால் அந்தப் பேச்சே மாறிவிடுகிறது. பெங்களூரில் நடிகர் ராஜ்குமார் 1994இல் கண் வங்கியைத் திறந்து வைத்து, குடும்பத்தோடு உறுதி கொடுத்தார். 2006இல் அவர் கண்கள் தானமாயின. 2021 அக்டோபர் 29 அன்று அவருடைய மகன் புனீத் காலமானார். புனீத்தின் இரண்டு கார்னியாக்களை முன்பாகமும் பின்பாகமுமாகப் பிரித்து நாராயண நேத்ராலயா டாக்டர்கள் நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். கர்நாடக எல்லையை ஒட்டிய நம் பலமநேர், குப்பம் பக்கத்திலும் அந்தச் செய்தி வீடு வீடாகப் பேசப்பட்டது. இரண்டு கண் நான்கு பேருக்கு ஆகும் என்பது பலருக்கும் அன்றுதான் தெரிந்தது.

ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. மாற்றுவதைப் பற்றியே பேசி, கார்னியா கெடாமல் காப்பதை மறந்துவிடுகிறோம். 2015 முதல் 2019 வரை நாடு முழுவதும் நடந்த அரசுக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கார்னியா தழும்புதான். நெல் அடிக்கும்போது உமி, கரும்பு வெட்டும்போது தோகை, மாந்தோப்பில் குச்சி. கண்ணில் சின்னக் கீறல் விழுகிறது. தாய்ப்பால் விடுகிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள், இலைச்சாறு பிழிகிறார்கள். அடுத்த நாள் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. நம் தென்னாட்டில் கருவிழிப் புண்ணில் பெரும் பங்கு பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டு பூஞ்சைக்குத் தீனி. எலும்பு முறிந்தால் நாடு முழுவதிலிருந்தும் புத்தூர் கட்டுக்கு வருகிறார்கள். அந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்கிறேன், கண்ணுக்குக் கை வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

நேபாளத்தில் பக்தபூரில் ஓர் ஆய்வு நடந்தது. 2001இல் வெளியானது. கிராமத் தொண்டர்கள் கண்ணில் கீறல்பட்டவர்களுக்கு குளோரம்பெனிகால் களிம்பு கொடுத்தார்கள். 442 கீறல்களில் 96 சதவீதம் சீழ் வைக்காமல் ஆறின. பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண்ணாகவில்லை. மதுரைப் பக்கத்துப் பஞ்சாயத்துகளிலும் பூஞ்சை மருந்தையும் சேர்த்து இந்த முறையைச் செய்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள், நல்ல பலன். பிறகு நேபாளத்திலேயே இன்னும் பெரிதாக, தொண்டர் இருக்கும் ஊர், இல்லாத ஊர் என்று சீட்டுப் போட்டுப் பிரித்து ஆராய்ந்தபோது, 2022இல் வந்த முடிவில் இரண்டு வகை ஊர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். களிம்பை ஒருவர் வீட்டில் வைத்துவிட்டால் காரியம் முடிந்துவிடாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கீறல் பட்டவர் அன்றைக்கே வர வேண்டும். கூலியை விட்டுவிட்டு வர மாட்டார். வயலுக்கே யாராவது போக வேண்டும்.

கண் பரிசோதனை முகாமிலும் இதே கதைதான். வண்டி இலவசம், ஆபரேஷன் இலவசம் என்று அறிவித்த பிறகும், தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் குறை இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று 1999இல் வந்த ஆய்வு காட்டியது. அழைத்துப் போக ஆள் இல்லை, பயம், ஒரு நாள் கூலி போகும் என்பதே பதில். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை ஐயாயிரம் பேருக்கு ஒரு கண்காவலர் என்று உள்ளூர்க்காரரையே வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது இதனால்தான். 2019 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ஆந்திர அரசின் கண்டி வெலுகு கண் பரிசோதனைத் திட்டம் முதலில் பள்ளிக் குழந்தைகளிடம் போனது நல்ல முடிவு. ஆனால் கொடுத்த கண்ணாடி பையிலேயே இருந்தால் என்ன பயன்? குழந்தை அதைப் போட்டிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவர் வகுப்பு டீச்சர்.

நம் பக்கத்து நாராயணவனம், நகரியில் தறி ஓட்டும் நாற்பது வயதுக்காரர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அறுந்த இழை தெரியாமல் தடுமாறுகிறார்கள், வயசாயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காதவர்களைவிட அவர்கள் பறிக்கும் இலை ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. விலை குறைந்த சாதாரணக் கண்ணாடிதான். நம் தறிக்கூடங்களில் இதைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஆராய்ச்சி என்றால் படித்தவர்கள் வேலை என்று ஒதுங்க வேண்டாம். பூஞ்சைப் புண்ணுக்குப் பழைய நேட்டமைசின் நல்லதா, புதிய வோரிகொனசோல் நல்லதா என்ற கேள்விக்கு 2013இல் பதில் வந்தது. பழைய மருந்துதான் நல்லது. அந்தப் பதிலைக் கொடுத்தவர்கள் மதுரை, கோவை, பாண்டிச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்து, ஆய்வில் சேரச் சம்மதித்த விவசாயிகளும் கூலிகளும் உள்ளிட்ட நோயாளிகள்தான். 323 பேர். இன்று பல நாடுகளில் பூஞ்சைப் புண்ணுக்கு டாக்டர்கள் அவர்கள் காட்டிய வழியில் மருந்து எழுதுகிறார்கள்.

ஒட்டுக்கு ஆகாது என்று கண் வங்கி ஒதுக்கும் கார்னியாவும் வீணாவதில்லை. குடும்பம் சம்மதித்தால் இளம் டாக்டர்களின் கைப்பயிற்சிக்கும், ஆய்வுக்கூடத்துக்கும் போகிறது. கார்னியாவின் உள்பக்கச் செல்கள் நம் உடம்பில் திரும்ப வளர்வதில்லை. ஒருவர் தந்த கார்னியாவிலிருந்து அவற்றை வெளியே வளர்த்து, ஊசி வழியாக நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தும் முறையை ஜப்பானில் கினோஷிதா குழுவினர் 2018இல் வெளியிட்டார்கள். ஒரு கண்ணிலிருந்து பலருக்கு என்ற நிலையை நோக்கி அது போகிறது. அங்கேயும் முதல் கார்னியா ஒரு சாவு வீட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

கண்தான உறுதிமொழி விழாவை நடத்தும் அறக்கட்டளையாருக்கு என் விண்ணப்பம் இதுதான். அடுத்த ஆண்டு உறுதிமொழி விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு போனும் சிம்மும் வாங்குங்கள். அந்தப் போன் எண்ணை உள்ளூர் அரசு அலுவலகமான சசிவாலயத்திலும், ரேஷன் கடையிலும், பூக்கடையிலும், மயானத்திலும், பாடை கட்டுகிறவர் வீட்டிலும் எழுதி வையுங்கள். சாவுச் செய்தி முதலில் தெரிவது அங்கே இருப்பவர்களுக்குத்தான். அந்தப் போனை வாரத்துக்கு ஒரு டுவாக்ரா மகளிர் குழு மாற்றி மாற்றி வைத்திருக்கட்டும். ராத்திரி முறைக்குப் பைக் வைத்திருக்கும் இளைஞர்கள் வேண்டும். புத்தூருக்கு இரண்டு பேர், நாராயணவனத்துக்கு ஒருவர், வடமாலப்பேட்டைக்கு ஒருவர் இருந்தால் தொடங்கிவிடலாம். மேடைக்கு இடது பக்கம் நோட்டு வைத்திருக்கிறோம். பெயரோடு எந்த நாள் உங்களால் முடியும் என்பதையும் எழுதுங்கள்.