ஹாக்கிப் பை நாறாமல் இருக்க

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் வரி, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று பேசிப் பழகிய கூட்டத்தில் விளையாட்டுப் பையின் நாற்றத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் விளையாடுகிற பிள்ளை இருந்தால் நான் சொல்லப்போவது உடனே புரியும். பையைத் திறந்தால் வீடே நாறுகிறது. "அதை வெளியே கொண்டு போடு" என்கிறோம். பிள்ளை அதைத் திண்ணையிலோ மாடிப்படியின் அடியிலோ போட்டுவிடுகிறது. மறுநாள் அதே ஈரக் கார்டைக் காலில் கட்டிக்கொண்டு போகிறது. பத்து நாளில் தொடையிடுக்கிலும் கணுக்காலிலும் அரிப்பு வருகிறது.

நம்முடைய கடற்கரையில் பந்து என்றால் கால்பந்துதான். ஆனாலும் ஹாக்கி ஸ்டிக் எடுக்கிற பிள்ளைகள் இப்போது கண்ணில் படுகிறார்கள். காரணம் இருக்கிறது. நமக்கு வடக்கே கோவில்பட்டி பல தலைமுறையாக ஹாக்கி ஊர். அங்கே பிறந்த மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரிலிருந்து வந்து அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம் இருவரும் 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4-3 என்று வென்றோம். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, நமக்கு வெண்கலம். இதையெல்லாம் டிவியில் பார்த்த பிள்ளை ஸ்டிக் கேட்கத்தான் செய்யும். கால்பந்து ஆடுகிற பிள்ளைகளின் ஷூவுக்கும் ஷின் கார்டுக்கும் இன்று சொல்வது அப்படியே பொருந்தும்.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். புதிதாக வழிகிற வியர்வைக்குப் பெரிய வாடை கிடையாது. நம் தோலில் எப்போதும் வாழ்கிற பாக்டீரியாக்கள் அந்த வியர்வையையும் உதிர்ந்த தோலையும் தின்று சில அமிலங்களை வெளிவிடுகின்றன. ஷூவில் வருகிற புளித்த வீச்சத்துக்கு முக்கிய காரணம் ஐசோவலெரிக் அமிலம். பழைய சீஸில் வருகிற வாடையும் அதே வகைதான். இந்தக் கிருமிகள் பெருக ஏதுவானவை மூன்று: ஈரம், வெதுவெதுப்பு, காற்றோட்டமில்லாத இடம். ஜிப் போட்டு மூடிய ஹாக்கிப் பையில் மூன்றும் இருக்கின்றன. ஆகவே நாற்றத்தை விரட்ட சென்ட் அடிப்பதில் பயனில்லை. சென்ட் வாடையும் வியர்வை வாடையும் கலந்து இன்னும் மோசமாகும். ஈரத்தை எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் நம் ஊரில் ஈரத்தை எடுப்பதுதான் கஷ்டம். கோவில்பட்டியில் கொடியில் போட்டது சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே கடல் காற்று. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் நமக்கு உண்டு. போதாததற்கு, ஹாக்கி ஆடுகிற செயற்கை டர்ஃபில் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மழையே இல்லாத நாளிலும் ஷூ நனைந்துதான் வரும். நாகர்கோவிலில் விளையாடிவிட்டு பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் பைக்குள் கிருமிகள் வேலையைத் தொடங்கியிருக்கும்.

அதனால் தினமும் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலையை முதலில் சொல்கிறேன். பிள்ளை வீட்டுக்குள் வந்ததும், குளிப்பதற்கு முன், பையை முழுதாகக் கவிழ்க்க வேண்டும். சாக்ஸ், ஜெர்சி, துவர்த்து நேராகத் துவைக்கிற வாளிக்குப் போகட்டும். ஷின் கார்டையும் கிளவுஸையும் கொடியில் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். ஷூவின் நாடாவைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, உள்சோலை எடுத்து வெளியே வையுங்கள். ஷூவுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டு வேறு பேப்பர் வையுங்கள். பையையும் உள்ளே வெளியே திருப்பி, வாயைத் திறந்து ஆணியில் மாட்டுங்கள். மழை நாளில் ஓர் அறையில் கொடி கட்டி ஃபேன் போட்டால் போதும். காற்றோட்டம்தான் முக்கியம், சூடு அல்ல.

அடுத்தது மணல். இதை நம் ஊர்க்காரர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக் கருமணல் சாதாரண ஆற்று மணல் இல்லை. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் அதில் உண்டு. அதற்காகத்தானே மணல் ஆலையே இங்கே இருக்கிறது. இல்மனைட் சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு கனம். ஷூவின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலோட்டமாகத் தண்ணீர் ஊற்றினால் வராது. கார்னெட்டோ உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற கல். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் ஷின் கார்டின் உள்துணியை உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். ஆகவே கடற்கரையில் ஓடிவிட்டு வந்தால், காய்ந்த பிறகு தட்டி உதறி, பழைய பிரஷால் தள்ளிவிட்டு, அதன் பிறகுதான் நனைக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை செய்கிற வேலையை ஒவ்வொரு பொருளாகச் சொல்கிறேன்.

ஷின் கார்டு: உள் மெத்தை பிரியுமானால் பிரித்தெடுங்கள். ஒட்டும் பட்டைகளை மூடிவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பிரஷால் தேய்த்து, நுரை போகும்வரை அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது; ஃபோம் கிழிந்துவிடும். காய்ந்த துவர்த்தில் வைத்து அழுத்தினால் தண்ணீர் போய்விடும். வெளி ஓட்டைத் துணியால் துடைத்தால் போதும்.

ஷூ: நாடாவும் உள்சோலும் தனியாக. உள்ளே சோப்புத் தண்ணீரில் நனைத்த பிரஷால் தேய்த்து அலசுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகும் வாடை இருந்தால், இரவில் ஒரு டேபிள் ஸ்பூன் ஆப்ப சோடாவை உள்ளே தூவி வைத்து, காலையில் தட்டிவிடுங்கள். நாற்றம் தருவது அமிலம் என்று சொன்னேன் அல்லவா? சோடா அதைச் சமன் செய்யும்.

கிளவுஸ், கோல் கீப்பர் பேடு, கிக்கர்: இவற்றில் கனமான ஃபோம் இருக்கிறது. வாளியில் முக்கினால் உள்ளே போன தண்ணீர் நம் ஊரில் ஒரு வாரமானாலும் வெளியே வராது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, நிமிர்த்தி வைத்து ஃபேன் காற்று விடுங்கள். வாடை விடவில்லை என்றால் ஒரு பங்கு வினிகரில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து லேசாகத் தெளியுங்கள். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும். ஹெல்மெட்டின் உள் மெத்தை கழன்றால் கழற்றிக் கழுவுங்கள். கம்பி வலையைக் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும்.

பல் கார்டு: ஆடி முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் பிரஷால் தேய்த்து, ஓட்டை உள்ள டப்பாவில் வையுங்கள். வெந்நீர் பட்டால் அதன் வடிவம் கெட்டுவிடும்.

ஸ்டிக்: பிடியில் சுற்றிய டேப் வியர்வையை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைக் கழுவிப் பயனில்லை. வழுவழுப்பானாலோ வாடை வந்தாலோ பிரித்துவிட்டுப் புதிது சுற்றுங்கள்.

சாக்ஸ்: படர்தாமரை, சேற்றுப்புண் உண்டாக்கும் பூஞ்சை சாதாரணத் துவைப்பில் முழுதாகச் சாவதில்லை. 60 டிகிரி சூடு வேண்டும். கொதிக்கிற தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு கிடைக்கும். கையை விடாமல் ஒரு குச்சியால் சாக்ஸை அமிழ்த்தி, வாளியை மூடி அரை மணி நேரம் வைத்துவிட்டுத் துவையுங்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். இந்தச் சூடு சாக்ஸுக்கும் துவர்த்துக்கும் மட்டும்தான். ஃபோம் உள்ள எதற்கும் வேண்டாம்.

வெயிலில் போடலாமா என்று கேட்பீர்கள். காலை வெயிலில் ஒரு மணி நேரம் போடலாம். அதற்கு மேல் நிழல். உச்சி வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் ஷூவின் பசை விட்டுப்போகும், ஃபோம் வெடிக்கும், பட்டை இளகும்.

செய்யக் கூடாதவற்றில் ஒன்றை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ, கழிவறை கழுவுகிற ஆசிட்டோடும் வினிகரோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். கதவு சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பேடுக்கும் பட்டைக்கும் பிளீச் தேவையே இல்லை. ஃபோமையும் எலாஸ்டிக்கையும் அது அரித்துவிடும். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலப்பதால் ஆபத்தில்லை, ஆனால் பயனும் இல்லை. நுரை பொங்கும், இரண்டும் ஒன்றையொன்று வீணாக்கிவிடும். ஜெர்சிக்குத் துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள்; செயற்கை நூலில் அது படிந்து வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது தோல் விஷயம். அழுக்கான கார்டின் அடியில் ஒரு சிராய்ப்பு இருந்தால் அதில் சீழ் வைக்கும். காயத்தைக் கழுவி, மூடிக் கட்டிய பிறகுதான் கார்டு போட வேண்டும். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வட்டமாகச் செதில் விட்டு அரித்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. அதற்கு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு ஏதோ ஒரு ட்யூப் வாங்கித் தேய்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படிக் கிடைக்கிற பல கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் இரண்டு மடங்காக வரும், பிறகு சாதாரண மருந்துக்கு மசியாது. இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிற விஷயம் இது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. ஒரு காலைப் பொழுதைச் செலவழியுங்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் துவர்த்து, சாரம், படுக்கை விரிப்பு எல்லாம் தனியாக இருக்கட்டும்.

சுத்தம் என்பதில் காசும் இருக்கிறது. இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் வாங்கிய கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் நமக்குப் பக்கத்து மாநிலம், எர்ணாகுளம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருக்குக் கோல் கீப்பர் பேடு வாங்க அவருடைய அப்பா வீட்டுப் பசுவை விற்றார் என்பது ஊரறிந்த செய்தி. அப்படி வாங்குகிற பொருளை ஈரத்தில் போட்டு ஒரே மழைக்காலத்தில் மக்க விடலாமா? பள்ளியில் ஒரே பேடை ஐந்தாறு பிள்ளைகள் மாறி மாறிப் போடுகிற இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒருவர் கழற்றியதும் உட்பக்கத்தை 70 சதவீத ஆல்கஹால் உள்ள சானிடைசர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு அடுத்தவர் போடட்டும். பேடுக்குள் போட ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக முழுக்கால் சாக்ஸ் இருக்கட்டும்.

கடைசியாக இரண்டு கேள்விகள். இந்த வேலையை யார் செய்வது? அம்மாமார் தலையில் இதையும் கட்டாதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஷூவில் பேப்பர் திணிக்கத் தெரியும். ஆணானாலும் பெண்ணானாலும் ஆடுகிறவர்தான் கழுவ வேண்டும். வெந்நீரை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நாம் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறோம்? "நாறுது, எட்டிப் போ" என்பது நமக்குச் சாதாரணப் பேச்சு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கு அது சாதாரணம் இல்லை. வகுப்பில் ஒருத்தி மூக்கைப் பொத்தினால் போதும், மறுநாள் ஸ்டிக்கை மூலையில் சாத்திவிடும். காரணத்தைச் சொல்லவும் சொல்லாது. "படிப்பு இருக்கு" என்று சொல்லிவிடும். இவ்வளவு தூரம் வந்த ஒரு விளையாட்டை ஒரு ஜோடி ஈர ஷூவுக்காகப் பிள்ளை விட வேண்டாம். திட்டுவதற்குப் பதில் ஒரு கொடியும் ஒரு கட்டுப் பழைய பேப்பரும் ஒரு பிரஷும் கொடுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாடி இல்லாத, முற்றம் இல்லாத வீடுகள் நம் தெருக்களில் இருக்கின்றன. மழைக்காலத்தில் அந்தப் பிள்ளைகள் காயப்போட, கூரை உள்ள ஒரு பொது இடத்தில் நான்கு கொடி கட்டித் தரலாம். செலவு கயிற்றுக்கும் ஆணிக்கும்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பையைத் திறந்து காற்றில் மாட்டுங்கள். மீதியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.