கரையோரம் நடக்கும் உரிமை

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில், மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை ஏறத்தாழ 1,014 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போகிறது. அதில் பெரும்பகுதி, கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கரையோரக் காவலர்கள் ரோந்து போன தடம். அவர்கள் ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்தாக வேண்டியிருந்தது. அதனால்தான் பாதை செங்குத்தான பாறை விளிம்பை ஒட்டியே ஏறி இறங்குகிறது. ரோந்து நின்ற பிறகு அதைக் காப்பாற்றியது, நடைபாதைகளுக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டம். அழகான இடம் என்பதால் மட்டும் ஒரு வழி நிலைத்துவிடாது. நடக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும்.

நிலத்தின் வழியே பாதை போவது விவசாயிக்குத் தொல்லைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வரையறுத்த தடம் இருந்தால் யாரும் பயிரை மிதிக்க வேண்டியதில்லை. வேலிகளில் அரைவட்டக் கூண்டுக்குள் ஆடும் கதவு வைக்கிறார்கள்: ஆள் நுழையலாம், மாடு நுழையாது. கரையோரம் நடக்கும் உரிமைக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டுத் தோட்டங்களை விலக்கிவிட்டது; கடல் கரையை அரித்தால் பாதையை உள்ளே தள்ளி அமைக்கவும் வழி செய்திருக்கிறது.