முகாமில் பிறந்த குழந்தைக்கு எந்த ஊர்?



அகதிக் குழந்தைகளின் மனநலம் என்றதும் குண்டுச் சத்தமும் படகுப் பயணமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 1983க்குப் பிறகு இராமேசுவரம் கரையில் வந்து இறங்கிய பிள்ளைகளுக்கு அது பொருந்தும். அவர்களில் பலருக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 100க்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அங்கே இன்று அங்கன்வாடிக்குப் போகும் குழந்தை போரைப் பார்த்ததில்லை, இலங்கையையே பார்த்ததில்லை. பிறகு ஏன் "எந்த ஊர்?" என்று கேட்டால் அது வாய் திறக்கத் தயங்குகிறது?

பதிலை முகாம் வாழ்க்கையில் தேட வேண்டும். ஆள் கணக்கெடுக்கும் நாளில், பெயிண்ட் அடிக்கும் வேலையை விட்டுவிட்டு அப்பா அதிகாரி முன் வரிசையில் நிற்பதைக் குழந்தை பார்க்கிறது. ஒற்றை அறையில் பெரியவர்களின் கடனையும் சண்டையையும் கேட்டுக்கொண்டே தூங்குகிறது. நன்றாகப் படித்த அக்கா, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் வீட்டில் இருப்பதைப் பார்க்கிறது. படித்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் எட்டு வயதிலேயே வந்துவிடுகிறது. மனநல ஆலோசனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு குழந்தையை மட்டும் தேற்ற முடியாது.

நமக்கு இது புதிதல்ல. பள்ளியில் அண்ணல் அம்பேத்கர் தனியே கோணிச் சாக்கில் உட்கார வைக்கப்பட்டார். அந்த நினைவுக் குறிப்புகள் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1990இல் வெளிவந்தன. அந்தச் சிறுவனிடம் போய், "வகுப்போடு பொருந்திப் போ" என்று யார் சொல்ல முடியும்?

முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்ட அவர்களின் முன்னோரில் பெரும்பகுதியினர் நம் சேரிகளிலிருந்து போனவர்கள். 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் அவர்களைக் கேட்காமலே இரு அரசுகளும் அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன. 1977இலும் 1983இலும் வன்முறை துரத்தியது. இங்கேயோ, 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவே இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டால், பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, புதிய வீடுகளையும் அறிவித்தது. வரவேற்கிறோம். வீடு கிடைத்த குழந்தைக்கு இன்னும் நாடு கிடைக்கவில்லை.

பெயரும் நாட்டுரிமையும் பெறுவது ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை. 1992இல் இந்தியா அதை ஏற்றது. அதை நிறைவேற்று என்று கேட்பது முதல் வேலை. வகுப்பறையில் "அகதி" என்று விளிப்பதைச் சாதிப் பெயர் சொல்லி விளிப்பதற்கு இணையான குற்றமாக ஆசிரியர்கள் உணரச் செய்வது இரண்டாவது. மூன்றாவது, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களால் நாளைக்கே தொடங்கக் கூடியது. நம் சேரிகளில் நடக்கும் இரவுப் பாடசாலைகளில் அருகிலுள்ள முகாம் பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள். அவர்களுக்கெனத் தனிப் பாய் விரிக்காதீர்கள். ஒரே பாயில் உட்கார வையுங்கள்.

ஜெய் பீம்.