விட்டவருக்குத்தான் ஆபத்து அதிகம்

ஹெராயினை நம் ஊரில் பிரவுன் சுகர் என்பார்கள், பவுடர் என்பார்கள். 1898இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி இதை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. இருமலை அடக்கியது உண்மைதான். ஆனால் மூச்சையும் அதுவே அடக்கும்.

மூளைக்குப் போனதும் அது மார்ஃபினாக மாறுகிறது. வாய் வறளும், கை கால் கனக்கும், குமட்டும், உடம்பு அரிக்கும். கண்ணின் பாப்பா குண்டூசித் தலையளவு சுருங்கிவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகித் தலை தொங்கும்.

நாளாக ஆக, பழைய அளவு போதாது. சுகத்துக்காகத் தொடங்கியவர், உடம்பு முறுக்காமல் இருப்பதற்காகவே போட வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். கடைசியாகப் போட்டு 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கில் நீர், புல்லரிப்பு, எலும்பைக் குடையும் வலி, வயிற்றுப்போக்கு. கால் தானாக உதறும். ஏதோ ஜுரம் என்று வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்து, ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். வருடக்கணக்கில் போட்டால் தீராத மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிலக்குக் கோளாறு. ஊசி போடுகிறவர்களுக்குச் சீழ்க்கட்டி, இதய வால்வில் கிருமித்தொற்று. ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் வரலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது விட்டவர்களைப் பற்றி. சிகிச்சை முடிந்தோ, சிறையிலிருந்தோ பிள்ளை வீடு திரும்பினால், கண்டம் தாண்டிவிட்டது என்று நம்புகிறோம். சில வாரங்கள் போடாமல் இருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். ஒரு பலவீனமான மாலையில் பழைய அளவையே எடுத்தால், மூச்சு நின்றுவிடலாம். பக்கத்து அறையில் குறட்டை மாதிரி ஒரு கரகரப்பு கேட்கும். அசந்து தூங்குகிறான், தூங்கட்டும் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உலுக்கி எழுப்புங்கள். எழவில்லை, உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கின்றன என்றால் 108ஐ அழையுங்கள். என்ன போட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாலாக்ஸோன் என்ற மருந்து மூச்சைத் திருப்பும். அதன் வேகம் ஹெராயினுக்கு முன்பே தீர்ந்துவிடலாம். அதனால் கண் விழித்தாலும் உடனே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.

இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் மருந்துகளைப் பற்றி, 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று கேட்கிறார்கள். இல்லை. டாக்டர் கண்காணிப்பில் எடுக்கும்போது அவை ஏக்கத்தைத் தணிக்கின்றன, சாவைக் குறைக்கின்றன. எவ்வளவு காலம் எடுப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், உறவினர்களின் பேச்சு முடிவு செய்ய வேண்டாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற எண்ணைக் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.